அக்காவுக்குப் போட்ட கோடி

எங்கள் அக்காவின் கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உற்றார் உறவினருக்கும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் அண்டை வீட்டாருக்கும் என் வணக்கம்.

அக்கா கிள்ளானில் பிறந்தார். அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோக, என்னை வளர்க்கும் பொறுப்பு சின்ன வயதிலேயே அவர் தலையில் விழுந்தது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மச்சானைக் கைப்பிடித்து பிரிக்பீல்ட்ஸ் வந்தார். பிள்ளை பாக்கியம் இல்லை. அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆற்றங்கரைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டார். பெரணி இலை, தும்பியின் இறகு என்று ஏதாவது முந்தானையில் இருக்கும். அதைப் பார்த்து மரத்தில் அச்சுச் செதுக்குவார். மங்குஸ்தீன் தோலைக் காய்ச்சிச் சாயமெடுத்து, பிறர் கொண்டுவந்து கொடுக்கும் வெள்ளைச் சேலையில் ஒற்றுவார். பிறகு இலை நுனிகளில் கண்ணாடி மணி வைத்துத் தைப்பார். அச்சில் ஏன் ஓட்டை என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "புழு தின்னாத எலைய நீ எங்கடா பாத்தே?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

இனி எழுதப்போவது எனக்குக் கூசுகிறது. நெஞ்சுவலியில் அக்கா போய்விட்டார் என்ற சேதி கேட்டதும், கிள்ளானில் கிராணியாகக் கணக்கெழுதும் நான் போட்ட சட்டையோடு ரயிலேறினேன். உடலுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடித் துணி எடுத்துப்போக வேண்டுமென்ற நினைவே இல்லை. அக்காவைக் குளிப்பாட்டி முடித்த பெண்கள், "தம்பி, பொறந்த வீட்டுக் கோடி எங்க?" என்று கேட்டார்கள். மறந்துவிட்டேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. உள்ளே போய், அக்காவின் பெட்டியில் மடித்திருந்த புதுச் சேலையை, அவருடையதுதான் என்று எண்ணி எடுத்துவந்து நீட்டினேன்.

"நான் வாங்கிக் குடுத்த துணிதான். அக்காவே அச்சுப் போட்டு வச்சிருந்தாங்க" என்றேன்.

"கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நானும் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் எலும்பு பொறுக்கப் போனபோது சாம்பலில் பச்சைக் கண்ணாடி உருகிக் கிடந்தது. மச்சான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"செல்லம்மா மக கல்யாணச் சேலைக்கு உங்கக்கா தச்ச மணியாச்சே இது. இங்க எப்படி வந்துச்சு?"

பக்கத்து வீட்டுச் செல்லம்மாள், அக்காவுக்கு அந்தச் சேலையைப் போர்த்திய பெண்களில் ஒருவர். நேரே அவர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"பாத்ததுமே தெரிஞ்சிருச்சு தம்பி. அத்தன பேரு முன்னால ஒங்களத் தலகுனிய வைக்கச் சொல்றீங்களா?" என்றார்.

பாசாரில் வேறு சேலை வாங்கித் தருகிறேன் என்றேன். அதுவரை அழுதுகொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்க கையால செஞ்சது வேணும் மாமா. கெடைக்குமா?"

பாடை சுமந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், மச்சானைத் தனியே விடாமல் உடனிருந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. செல்லம்மாளுக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் அன்று என்னை மெச்சிய அனைவரும் உண்மையை அறியவேண்டும். என் அக்காவுக்குக் கோடி போட்டது செல்லம்மாள் வீடு. பிறந்த வீட்டிலிருந்து ஒரு முழத் துணிகூட வரவில்லை.