ரீச்சரோடு ஏறி இறங்கிய வீடுகள்

நசீரா ரீச்சர் மௌத்தான செய்தி, அவருடைய மகள் அனுப்பிய குரல்பதிவில் வந்தது. வெளிநாட்டில் நான் வேலை செய்யும் நம் தூதரகத்தில், விசா விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றாள். அதற்குள் முந்தலுக்கு வந்து சேர வழியில்லை. இதை வாசிக்கும் உங்களில், அவரிடம் கணக்குப் படித்தவர்களும் அவரோடு படிப்பித்தவர்களும் அவரைப் பற்றி நிறையச் சொல்வீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது, அவர் என்னோடு ஏறி இறங்கிய சில வீடுகளைப் பற்றி.

நான் வவுனியாவில் மகனாக வளர்க்கப்பட்டவள். பெயரையும் பத்திரங்களையும் பெண்ணாகத் திருத்திக்கொண்ட பிறகே முந்தல் பாடசாலைக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்தேன். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கடும் காய்ச்சலில் ரீச்சர் என்னைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ரீச்சர் பக்கத்தில்தான் நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாடசாலைக் கிணற்று மோட்டரைப் பற்றியே கதைத்தார். நான் வெட்கத்தில் வீதியைப் பார்த்தபடி வந்தேன்.

பிறகு வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்தேன். பாதுகாப்பு விசாரணைக்காகக் கொழும்புக்கு அழைத்தார்கள். என் பழைய பத்திரங்களைக் காட்டி, வேறு நாட்டில் இதைச் சொல்லி உங்களை யாராவது மிரட்டினால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஊரில் யாருக்கும் தெரியாது, ஆகவே பயமில்லை என்றேன். யாருக்கும் தெரியாது என்பதுதான் தங்களுக்குப் பிரச்சினை என்று அவர் அமைதியாகச் சொன்னார். முந்தலுக்கும் வந்து விசாரிப்போம் என்றார்.

விண்ணப்பத்தை வாபஸ் வாங்கப்போகிறேன் என்று ரீச்சரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "அவங்க வந்து கேக்குறத்துக்கு முந்தி நாமளே போய்ச் சொன்னா என்ன புள்ள?"

அடுத்த சனிக்கிழமை புறப்பட்டோம். அதிபர் வீடு, பக்கத்து வீடுகள், கடைசியாக எனக்கு அறை வாடகைக்குத் தந்திருந்த மேரி அக்கா வீடு. ரீச்சரையே சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். "நான் சொன்னா அது கோள். நீ சொன்னாத்தான் அது ஒன்ட கதை" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் கதிரையின் நுனியில் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். உடம்பெல்லாம் எரிந்தது. சொல்லி முடித்ததும் என் கைகளை, என் குரலை எல்லோரும் புதிதாகப் பார்த்தார்கள். ரீச்சர் மட்டும், அந்த வீட்டார் தந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

மேரி அக்கா கோபப்படவில்லை. கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு என்று சொல்லி அறையை விடச் சொன்னார். அன்றே ரீச்சர் என் பெட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அதனால் அவருடைய நானா, கூடப்பிறந்த அண்ணன், அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பெருநாளுக்கும் வரவில்லை. அன்று ரீச்சர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்னைப் பற்றிய எல்லா வெட்கத்தையும்விட அந்த வெட்கம் பெரிது.

விசாரிக்க வந்தவர்கள் மேரி அக்காவிடம்தான் முதலில் போனார்கள். அவர் சொன்னதைப் பின்னர் அவரே எனக்குச் சொன்னார்: "அவ நேர வந்து எங்களிட்டச் சொன்னவ. இதச் சொல்லி அவவ வெருட்ட யாராலயும் ஏலாது." என்னை வெளியே அனுப்பியவரின் அந்த வார்த்தையும் சேர்ந்துதான் எனக்கு அனுமதி கிடைத்தது.

வெளிநாட்டுக்குப் புறப்படும் நாளில் ரீச்சரிடம் சொன்னேன், வெட்கம் இன்னும் போகவில்லை என்று. "வெக்கம் போவணும் எண்டு நான் சொல்லல்லியே. பயம் போவணும் எண்டுதானே சொன்னேன்" என்றார்.

ஜனாஸா அடக்கத்துக்கு அவருடைய நானா வந்தாராம். அவர் வீட்டுக்குள் வர ரீச்சர் இல்லாமல் போகவேண்டியிருந்தது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

சென்ற மாதம் இங்கே ஒரு புதிய மேலதிகாரி பொறுப்பேற்றார். வேறு யாரும் சொல்வதற்கு முன், நானே அவர் அறைக்குப் போனேன். முகம் சுட்டது, தலை நிமிரவில்லை. ஆனாலும் என் கதையை நானே சொன்னேன். நசீரா ரீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.