சொல்லாமல் விட்ட தேதி

என் கணவர் தோஹாவுக்குப் போவதற்கு ஒரு வருடம் முன்னால் வாங்கி வந்த நாய் அது. பொமரேனியன் வகை. முழுசாக வளர்ந்தும் மூன்றரைக் கிலோதான் இருந்தது. மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்ட பிறகு, திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் அதுவும்தான். நிலம், ஆள் கூப்பிடுவது, மோட்டார் போடுவது எல்லாம் என் பொறுப்பு. நாயும் என் பொறுப்பு.

அதை வைத்துக் குட்டி எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பட்டுக்கோட்டையில் அவருடைய நண்பர் ஒருவரிடம் அதே அளவில் ஒரு ஆண் நாய் இருந்தது. விடுமுறைக்கு வரும்போது கூட்டிக்கொண்டு போகலாம் என்று பேசி வைத்திருந்தார். தடுப்பூசிக்கு நான் அதைக் கொண்டு போன ஒரு நாள், கால்நடை மருந்தகத்தின் டாக்டரம்மாவிடம் போனிலேயே இதைக் கேட்டார். அந்த அம்மா நாயின் இடுப்பை இரண்டு விரலால் அளப்பதுபோலப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

"எலும்பு ரொம்பக் குறுகலா இருக்கு சார். நல்லா யோசிச்சுக்குங்க. இதைவிடப் பெரிய ஆணோட மட்டும் சேர விட்டுடாதீங்க. குட்டி தலை பெருசா இருந்தா வெளியில வராது."

ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்று சொல்கிறார்களே என்று அவர் கேட்டார். அப்படி எதுவும் கிடையாது, வேண்டாம் என்றால் கருப்பையை எடுத்துவிடலாம், அதுதான் அதற்கு நல்லது என்றார் டாக்டரம்மா. அவர் சிரித்துப் பேச்சை மாற்றினார். நான் நாயைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சம்பா அறுவடை நேரத்தில் அது பருவத்துக்கு வந்தது. தெருநாய்கள் நாலைந்து எங்கள் கேட்டுக்கு வெளியே படுத்துக் கிடந்தன. கொல்லைப் பக்கம் கட்டிப் போட்டு, அவிழ்க்கும்போதெல்லாம் கூடவே நின்று பார்த்துக்கொண்டேன். பத்து நாள் அப்படிப் போனது. பதினோராவது நாள் எங்கள் வயலில் அறுவடை மெஷின் இறங்கியது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வானம் மூடிக்கொண்டு வந்தது. கொட்டிய நெல்லை மூடத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குச் சற்று முன்னால்தான் நாயை அவிழ்த்து விட்டிருந்தேன். கேட்டையும் சாத்தவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் அது ஒரு செவலைத் தெருநாயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த ஆண் அதைப் போல நாலு மடங்கு இருக்கும். எங்கள் நாயின் பின்னங்கால்கள் தரையில் படவே இல்லை. நான் ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். அப்படிச் செய்யக் கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவை தானாகப் பிரிகிற வரைக்கும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு போய் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டினால் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தேதான் செய்தேன். தெருவில் யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் பேசியபோது நெல் ஈரப்பதத்தைப் பற்றிச் சொன்னேன். மழை பெய்யாமல் ஏய்த்துவிட்டதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று தோன்றியது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கூடுதலாகக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

மூன்றாவது வாரத்தில் அது காலைச் சோற்றை மோந்துவிட்டு நகர்ந்துபோனது. இரண்டு நாள் மஞ்சளாக வாந்தி எடுத்தது. பிறகு பசி வந்து, மத்தியானம் தூங்கிக்கொண்டே கிடந்தது. அடிவயிற்றைத் தடவியபோது முலைக்காம்புகள் சிவந்து தடித்திருந்தன. அவற்றைச் சுற்றி முடி உதிர்ந்திருந்தது. போனில் தேடிப் பார்த்தேன். பருவம் முடிந்த பெட்டை நாய்க்குச் சினை பிடிக்காமலேயே இதே அறிகுறிகள் எல்லாம் வரும், பால் கூடச் சுரக்கும், பொய்ச்சினை என்று பெயர் என ஒரு இடத்தில் போட்டிருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதையெல்லாம் படிக்காமல் தள்ளிவிட்டேன். வீடியோவில் பார்த்த அவர் நாய் குண்டாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். வெயில் வந்துவிட்டது, ஓடியாடுவதில்லை என்றேன்.

ஆறாவது வாரம் முடியும்போது வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, நடக்கும்போது ஆடியது. இனி எதைப் படித்தும் பயனில்லை என்று டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்த உடனேயே அவர்கள் முகம் மாறிவிட்டது. என்றைக்கு இணை சேர்ந்தது என்று கேட்டார்கள்.

"தெரியல டாக்டர். நான் பார்க்கல."

அந்த வார்த்தை எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அறுவடை மெஷின் வந்த தேதி சமையலறைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. அதிலிருந்து தினமும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். இரண்டு குட்டிகள், இரண்டுக்கும் இதயம் துடிக்கிறது என்றார்கள். தாயின் அளவோடு பார்த்தால் இரண்டும் மிகப் பெரியவை. காகிதத்தோடு திரும்பி வந்தபோது டாக்டரம்மா என்னை உட்காரச் சொல்லி நிதானமாகப் பேசினார்கள். மூன்று வாரத்திலேயே கொண்டு வந்திருந்தால் கருப்பையை எடுத்துவிடுவது பெரிய விஷயமாக இருந்திருக்காது. இப்போது எடுத்தால் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும், ஆனாலும் செய்யலாம். விட்டால் பிரசவத்தில் சிக்கிக்கொள்ளும், அந்த ஆபத்துதான் தனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வீட்டில் கேட்டுவிட்டு இரண்டு நாளில் சொல்லுங்கள் என்றார்கள்.

அன்றைக்கு அவரிடம் சொன்னேன். அதையும் முழுசாகச் சொல்லவில்லை. அறுவடை நேரத்தில் யாரோ கேட்டைத் திறந்து போட்டிருக்க வேண்டும் என்றேன். அவர் யாரையும் திட்டவில்லை. குட்டிகளை எடுத்துவிடலாமா என்று கேட்டதும்தான் குரல் உயர்ந்தது.

"ரெண்டுக்கும் உசுரு துடிக்குதுன்னு நீயே சொல்ற. அதை எடுத்துடவான்னும் நீயே கேக்குற. தெருநாய்க் குட்டியா இருந்தா என்ன? பொறக்கட்டும்."

நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் சொன்னதைச் சொன்னதும் டாக்டரம்மா வருத்தப்பட்டார்கள். ஆனால் கோபிக்கவில்லை. அப்படியானால் பிரசவ வலிக்கு விடாமல் ஆபரேஷன் செய்தே எடுக்க வேண்டும் என்றார்கள். சேர்ந்த நாளிலிருந்து ஏறத்தாழ அறுபத்து மூன்று நாள். தேதி தெரிந்தால் சரியான நாளில், காலையிலேயே எடுத்துவிடலாம். தெரியாமல் முன்கூட்டி எடுத்தால் குட்டிகளின் நுரையீரல் தயாராகியிருக்காது, இரண்டும் போய்விடும். அதனால் காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சூடு தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் வலி வந்துவிடும், இறங்கியதைப் பார்த்த உடனே கும்பகோணத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதே சொல்லியிருக்கலாம். டாக்டர், எனக்குத் தேதி தெரியும் என்று ஒரு வரி. கதவு வரைக்கும் வந்து திரும்பினேன். ஒருவர் ஆட்டுக்குட்டியோடு உள்ளே வந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பதினைந்து நாள் ஒரு வேளை விடாமல் சூடு பார்த்தேன். என் கணக்குப்படி அறுபதாவது நாள் மாலை அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, கையை நீட்டினால் உறுமியது. ஒரு வேளைதானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தபோது நூறு இருந்தது. மனது லேசாகிவிட்டது. முந்தின மாலையே இறங்கி, வலி தொடங்கியதும் மறுபடி ஏறியிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. உளுந்து பறிக்க ஆள் வந்திருந்தார்கள். வயலுக்குப் போனேன்.

மத்தியானம் வந்து பார்த்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து பச்சையாக ஒரு நீர் தரையில் வழிந்திருந்தது. அது முக்கி முக்கி ஓய்ந்துபோய், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஏதோ ஒரு ஊரில் மாட்டு முகாமில் இருந்தார்கள். போனிலேயே, குட்டி வராமல் பச்சையாகக் கசிந்தால் உள்ளே நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று அர்த்தம், ஒரு நிமிஷம் கூட நிற்காமல் கிளம்புங்கள் என்றார்கள்.

அடுத்த தெருவில் ஆட்டோ ஓட்டும் பாயைக் கூப்பிட்டேன். நோன்பு வைத்திருந்த மனிதர். நாய் எச்சில் பட்டால் தொழுகைக்குமுன் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் தயங்கினேன். அவர் பின் சீட்டில் ஒரு சாக்கை விரித்தார்.

"ஏறுங்கம்மா. நான் அப்புறம் கழுவிக்கிறேன்."

வழி முழுதும் அதன் தலை என் முழங்கையில் கிடந்தது. சோழபுரம் தாண்டும்போது ஒரு தடவை முக்கியது. அதற்குப் பிறகு முக்கவில்லை.

கிளினிக்கில் இருந்த டாக்டர் இளைஞர். மேஜையில் கிடத்திக்கொண்டே கேள்விகளை வேகமாகக் கேட்டார். வயது, எடை, எப்போதிலிருந்து வலி. கடைசியாக, இணை சேர்ந்த தேதி தெரியுமா என்றார். நான் தேதியைச் சொன்னேன். நாள், கிழமை, மத்தியானம் ஏறக்குறைய எத்தனை மணி என்பது வரைக்கும் சொன்னேன். அவர் கையில் இருந்த பழைய ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல தேதி தெரியாதுன்னு எழுதியிருக்கே?"

பதிலுக்கு நிற்காமல் அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் குட்டி, தலை இடுப்பெலும்பில் மாட்டி, செத்துப்போயிருந்தது. இரண்டாவதை உயிரோடு எடுத்தார்கள். கருப்பை கிழிந்திருந்தது. எங்கள் நாய்க்கு மயக்கம் தெளியவே இல்லை. வெயில் தாழ்வதற்குள் முடிந்துவிட்டது.

உயிரோடு இருந்த குட்டியை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். செவலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால்பவுடரைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். நாலு நாள் இருந்தது. ஐந்தாவது நாள் காலையில் பாட்டில் சூடாக இருந்தது, குட்டி சில்லிட்டிருந்தது.

போனில் அவரிடம் பிரசவத்தில் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர், நீ என்ன செய்வாய், உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்றார். அந்த ஆறுதல் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. டாக்டரம்மாவிடம் மறு வாரமே போய்ச் சொல்லிவிட்டேன். அவர்கள் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்கள்.

ஆனி மாதம் அவர் விடுமுறையில் வந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வந்த மூன்றாவது நாள், எங்கே புதைத்தாய் என்று கேட்டார். தென்னைக்குப் பக்கத்தில் அந்த இடத்தைக் காட்டினேன். அங்கே நின்றுகொண்டுதான் சொன்னேன். கேட்டைத் திறந்து போட்டது நான்தான் என்று. கண்ணால் பார்த்தேன் என்று. தேதி தெரியும் என்று.

"டாக்டர் கேட்டப்பவும் சொல்லலியா?"

"சொல்லலைங்க."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்போடு நடந்து போனார். மடை எதுவும் அடைத்திருக்கவில்லை, வெட்ட வேண்டிய வேலையும் அங்கே இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எடுத்துடலாமான்னு நீ கேட்டப்ப வேணாம்னது நான்தானே."

அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அப்படி நினைத்துத்தான் சொன்னாரா என்பதும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றார். இருபது நாள் கழித்து மறுபடி விமானம் ஏறினார். அந்த இருபது நாளில் நாங்கள் நாற்று, உரம், பையனின் படிப்பு என்று எல்லாவற்றையும் பேசினோம்.