ஆன்ட்டி கேட்டது ஜென்னியை

குழு நண்பர்களுக்கு, வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நானும் ஜென்னி என்கிற வெள்ளைக்காரப் பெண்ணும் ஒரே காலேஜில் நர்சிங் முடித்தவர்கள். லைசென்ஸ் பரீட்சை எழுதும் முன்பே இர்விங் நகர ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் வேலைக்குச் சேர்ந்தோம். சீனியர் நர்ஸ் பக்கத்தில் இல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்க முடியாது. அந்த சீனியருக்கு எப்போதும் ஜென்னிதான் செல்லம்.

இன்று இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஒரு கோயம்புத்தூர் ஆன்ட்டி வந்தார். இங்கிலீஷ் தெரியாது. இவராவது எனக்குத்தான் என்று சந்தோஷமாக உள்ளே போனேன்.

என் ஊர், அப்பாவின் வேலை, நான் போகிற கோயில் எல்லாம் விசாரித்தார். பிறகு, "அந்த வெள்ளக்காரப் புள்ளைய வரச் சொல்லு கண்ணு" என்றார்.

மத்தியானம் எட்டிப் பார்த்தால், ஜென்னியின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் அழுது தீர்க்கிறார். அவளும் தலையாட்டிக் கேட்கிறாள்.

"அவளுக்குத் தங்கமான மனசு. வார்த்தையே வேண்டாம்" என்று சீனியர் என்னிடம் இங்கிலீஷில் உருகினார்.

ஜென்னி போனதும் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அவளுக்குத் தமிழ் தெரியாதே ஆன்ட்டி. என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"தெரியாதுன்னுதான் சொல்றேன் கண்ணு. என் மருமகளப் பத்தி உங்கிட்டச் சொன்னா, ஞாயித்துக்கிழமைக்குள்ள கோயில் பூரா தெரிஞ்சுபோயிரும்."

நான் அப்படி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவளா? குழுவில் இருக்கிற அத்தனை பேரும் பதில் எழுதுங்கள்.