நாலாவது மாடிக்கு ஒரு பீரோ

வேன் அக்கா படி ஏறும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை, வைகிறார். "இந்தப் படியக் கட்டினவன் கை வெளங்காமப் போக!" அந்தப் 'போக' வந்ததும் மேல்முனையில் கணவரும் கீழ்முனையில் அவரும் சேர்ந்து தூக்குகிறார்கள். மர பீரோ ஒரு படி ஏறுகிறது. அடுத்த படிக்கு வேறு யாராவது மாட்டுவார்கள். என் எதிர்வீட்டுக்கு அது வந்து சேர்வதற்குள் குடியிருப்பின் செயலாளரிலிருந்து மரம் வெட்டியவன் வரைக்கும் ஒருத்தர் பாக்கியில்லை.

லிஃப்ட் சும்மாதான் நின்றது. "லிஃப்ட் மனுஷங்களுக்கு மட்டும்தான்" என்றாராம் வாட்ச்மேன். "அப்ப நாங்க யாரு? நீயே சொல்லு" என்று அக்கா கேட்டாராம். அதே லிஃப்டில் நான் தினமும் கைவீசிக்கொண்டு ஏறுகிறேன். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மெலிந்த உடம்பு. புடவைக்கு மேல் கணவரின் பழைய சட்டை. சாமான்களில் கீறல் விழாமலிருக்க வேனில் செருகியிருப்பதெல்லாம் வீட்டுப் போர்வைகள். பிள்ளைகள் எழுந்த சூட்டோடு உருவிக்கொண்டு வந்துவிடுகிறார்.

கணவர் ஒரு மரச்சாமான் கடையில் சுமை தூக்கியவர். இடுப்பு போனதும், "உடம்பப் பாத்துக்கப்பா" என்று ரொம்பக் கரிசனமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார் முதலாளி. அக்கா காதிலும் கையிலும் கிடந்ததை விற்று ஒரு குட்டி வேன் வாங்கினார், ஓட்டக் கற்றுக்கொண்டார், அதே கடை வாசலில் போய் நின்றார். "ஆளுதானே வேணாம்னீங்க? வண்டி வேணுமில்ல?" சரி, ஒரு மாதம் பார்க்கலாம், ஒரு புகார் வந்தாலும் வேறு வண்டிதான் என்றாராம் முதலாளி. வேறெந்தக் கடையும் இன்னும் இவர்களைக் கூப்பிடவில்லை.

எதிர்வீட்டுக்காரர் பீரோவைச் சுவரோரம் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சுவிட்ச் போர்டு மறையுதே. நீளம் அகலமெல்லாம் அளந்தேன், இத விட்டுட்டேன். சரி, எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஒரு முழம் தள்ளி வச்சாப் போதும் சார்."

"நல்லாயிருக்காதும்மா" என்றவர் முதலாளிக்குப் போன் போட்டு, அதை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். வாசலில் நின்ற எனக்கும் அந்தக் குரல் கேட்டது: "கஸ்டமர் சொன்னா சொன்னதுதான். கூலி கீலின்னு பேசாம எறக்கிக் கொண்டா. முடியாதுன்னா நாளையிலேர்ந்து வண்டிய வேற எங்கயாவது ஓட்டிக்க."

அந்தப் போனுக்குள் கைவிட்டு ஆளை வெளியே இழுத்து நாலு அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு கணவர் முன்னால் வந்தார். "விடும்மா, எறக்கிடலாம்."

அக்காவின் முகம் கறுத்துவிட்டது. "எறக்குறேன் முதலாளி" என்று மட்டும் சொன்னார். கணவரைத் தோளில் அழுத்தி எதிர்வீட்டுக்காரரின் சோபாவிலேயே உட்காரவைத்தார். பீரோவைத் தனியாளாகச் சாய்த்து வாசல்பக்கம் திருப்பினார்.

"சார், அந்த முனைய நீங்க புடிங்க."

"நானா?"

அக்கா குனிந்து தன் பக்கத்தை ஒரு சாண் உயரம் தூக்கினார். கீழே வைக்காமல், அவரையே பார்த்தபடி நின்றார்.