பாரம் தூக்கக் கூடாத கிழமைகள்

பஞ்சும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு வாசம் சில நாட்களாக எங்கள் கல்முனை வீட்டில் மீன் வாசத்தையும் மீறி நின்றது. வாப்பாவின் வலக்கண்ணை மூடியிருந்த வெள்ளைப் பஞ்சின் வாசம் அது. சீனி வியாதிக்காரரான அவருக்கு நாற்பது தாண்டியதுமே இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, கடைசித் தங்கச்சி ஷிப்னாவுக்கு நாலு வயதாகியும் அவள் முகம் புகைக்குள் இருப்பது போலத்தான் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே, ஒப்பரேசன் என்றாலே வேர்த்துப்போகிற மனுசன் சம்மதித்தார். ஆஸ்பத்திரியில் செலவில்லை; கண்ணுக்குள் வைக்கிற "லென்ஸ்" மட்டும் வெளியில் வாங்க வேண்டியிருந்ததால் உம்மாவின் காப்பு போயிற்று.

கட்டவிழ்த்த அன்று ஷிப்னாவின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, "இவளுக்கு இதில மச்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாப்பா அழப்பார்த்தார்.

"அழக் கூடா. கண்ணில தண்ணி படக் கூடாதெண்டு சொன்னதுதானே" என்று உம்மா அதட்டினார்.

ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, டொக்டர் சொன்ன பத்தியம் பெரிது. தண்ணீர் படக் கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. கிருமி பிடிப்பது அரிது, பிடித்தால் கண்ணே போய்விடும். குனிய முடியாததால் வாப்பா கதிரையில் இருந்தே தொழுதார். முன்பெல்லாம் அவர் சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்ததும் முதுகில் ஏறிக்கொள்கிற ஷிப்னா, பாவம், கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "வாப்பாட்ட தூக்கச் சொல்லக் கூடா மகள், தையல் பிரிஞ்சா கண் போயிரும்" என்று உம்மா ஓயாமல் சொன்னதில் அவள் கைநீட்டுகிற பழக்கத்தையே விட்டுவிட்டாள். பெரிய மனுசி போல எங்களுக்கும் அதையே சொல்லித் திரிந்தாள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உம்மாவும் மற்றப் பிள்ளைகள் நாங்களும் மெயின் ரோட்டருகே மாமி வீட்டில் இருந்தோம்; வீட்டில் வாப்பாவும் ஷிப்னாவும் மட்டும். வீட்டில் நடந்ததை வாப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

"தூக்கிட்டு ஓடுவமெண்டு ரெண்டு கையையும் நீட்டினன். பாரம் தூக்கக் கூடா வாப்பா எண்டுட்டு உள்ளுக்கு ஓடிட்டாள்."

அவர் பின்னால் ஓடுவதற்குள் சுவரை இடித்துக்கொண்டு தண்ணீர் வந்துவிட்டது. வாப்பாவைத் தென்னை மரத்திலிருந்து இறக்கினார்கள். ஷிப்னாவின் மையித்து மறுநாள் கிடைத்தது. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் கண்ணுக்கு விடச் சொட்டு மருந்தும் இல்லை. உப்பும் மண்ணும் போன அந்தக் கண் சீழ் பிடித்துப் போயிற்று. அதற்காக அவர் ஒரு நாளும் வருந்தியதில்லை. உம்மாவையும் குறை சொன்னதில்லை. உம்மாதான் அதற்குப் பிறகு எங்களிடம் எதற்கும் "கூடா" என்று சொல்லவே இல்லை.

நாட்டில் சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு, மற்றக் கண்ணைக் காட்ட அவரைக் கூட்டிப்போனோம். இப்போது தையலே இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாரம் தூக்கலாமா சேர்?"

"கொஞ்சக் கிழமைக்கு ஏலாது."

"அப்ப வேணாம்" என்று எழும்பிவிட்டார்.

கடலோரத்தில் எங்கள் வீடிருந்த வளவில் இன்று கிணற்றுக்கட்டு மட்டும் மிச்சமிருக்கிறது. என் மகளின் முகத்தை வாப்பா ஒருநாளும் தெளிவாகக் கண்டதில்லை. அவளுக்கு ஐந்து வயது, நல்ல கனம். கொஞ்சம் நடக்கட்டும், இறக்கிவிடுங்க என்று நான் எத்தனை சொன்னாலும் அவர் இறக்குவதில்லை.