பேட்டரி வண்டிக்கு எதிராக ஆரோக்கியராஜ்

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆரோக்கியராஜ் மேனேஜர். முகூர்த்த நாட்களில் அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. மற்ற நாட்களில் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. சுவரோரம் அடுக்கி வைத்த நாற்காலிகளில் ஒன்றை உருவி எடுத்து, காலிக் கூடத்தின் நடுவில் மின்விசிறிக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்து, செல்போனில் உலகத்து விஞ்ஞானிகளோடு சண்டை போடுவார். ஆடியும் மார்கழியும் விஞ்ஞானிகளுக்குப் பொல்லாத காலம்.

சண்டை ஆரம்பித்தது புளூட்டோவால். ஓசூரில் வாழ்க்கைப்பட்ட மகள் இசைவாணி ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் வந்த முதல் அறிவியல் செய்தியே புளூட்டோ ஏன் கோள் கிடையாது என்பதுதான். ஆரோக்கியராஜுக்கு அது பொறுக்கவில்லை. ஏழாம் வகுப்பில் ஒன்பது கோள்களை ஒப்பிக்கச் சொன்னபோது அவர் மறந்த ஒரே கோள் புளூட்டோ. அதற்காக வாங்கிய பிரம்படி இன்னும் நினைவிருந்தது. 'அடி வாங்கிப் படித்ததை யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?' என்று செய்திக்குக் கீழே எழுதினார். ஒரே பகலில் நூற்றுக்கணக்கானவர்கள் அதற்கு விருப்பம் போட்டார்கள். ஊரில் அவர் சொன்னதை ஒரே நேரத்தில் நாலு பேர் ஒப்புக்கொண்டதில்லை.

அதன்பிறகு அவர் எதையும் விடவில்லை. செவ்வாய்க்கு ராக்கெட் விட்டாலும் கேள்வி, செல்போன் கோபுரம் நட்டாலும் கேள்வி. 'மதிப்பிற்குரிய விஞ்ஞானிகளே' என்று தொடங்கி, தன் பெயரையும் ஊரையும் போட்டு முடிப்பார். பொய்ப் பெயரில் ஒளிந்துகொண்டு பேசுவது அவருக்குப் பிடிக்காது. விரல் தடித்திருந்ததால் எழுத்துகளைத் தட்டுவது சிரமம். நாம் பேசினால் போனே எழுதிக்கொள்ளும் வசதியைத்தான் நம்பியிருந்தார். சமையல்கட்டை ஒட்டி உட்கார்ந்துகொண்டு அந்த வசதியைப் பயன்படுத்துவதில் ஆபத்து இருந்தது. ஒருமுறை சமையல்காரரின் பேச்சும் சேர்ந்து இப்படிப் பதிவாகிவிட்டது: 'செயற்கை நுண்ணறிவு மனித குலத்தையே அடிமையாக்கும் சாம்பார்ல உப்பு பத்தல பெருங்காய டப்பாவ எங்க வெச்ச.'

அதற்கு ஒருவன் பதில் போட்டான். 'சாம்பார் விஷயத்தை ஏற்கிறேன். மற்றதற்கு ஆதாரம்?'

அவன் பெயர் விண்வெளி நண்பன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ராக்கெட் படம். ஆரோக்கியராஜ் எங்கே எதை எழுதினாலும் கீழே வந்து 'ஆதாரம்?' என்று கேட்பான். திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த ஒற்றைச் சொல்லும் கேள்விக்குறியும் அவருக்குச் சோற்றில் கல் கடித்தது போல இருந்தது.

இருவருக்கும் பெரிய போர் நடந்தது பேட்டரி ஸ்கூட்டர் விஷயத்தில். எங்கோ வடக்கே ஒரு வண்டி தீப்பிடித்து எரிந்த வீடியோவை ஆரோக்கியராஜ் பார்த்திருந்தார். அன்றிலிருந்து அவர் அதற்கு ஜென்மப் பகையாளி. விண்வெளி நண்பன் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுவான். எத்தனை லட்சம் வண்டிகளில் எத்தனை எரிந்தன, பெட்ரோல் வண்டி எரிந்தால் ஏன் செய்தியாவதில்லை என்று நீளமாகப் போகும். ஆரோக்கியராஜ் அத்தனையையும் வரி விடாமல் படிப்பார், மறுப்பதற்காக. கடைசியில் ஒருநாள், 'வீட்டில் பேட்டரி வண்டி வைத்திருப்பவன் எரிகிற அடுப்பின் மேல் பாய் போட்டுத் தூங்குகிறான்' என்று ஒரு வாக்கியம் எழுதினார். அது வாட்ஸ்அப்பில் மாவட்டம் முழுவதும் சுற்றி, அவருடைய மச்சான் மூலமாக அவருக்கே திரும்பி வந்தது.

இந்த நிலையில் அவர் மனைவி அமலா ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினாள்.

அமலா மயிலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி ஊழியர். காலைப் பஸ் பாதி நாள் வராது. பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் எப்படித் தீப்பிடிக்கும் என்று ஆரோக்கியராஜ் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க போன்ல சண்ட போட்டுக்கினு இருங்க. நான் வேலைக்குப் போவணும்" என்றாள். வண்டி முன்வாசல் கூரைக்குக் கீழே வந்து நின்றது. ஆரோக்கியராஜ் தன் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டார். வண்டியில் உட்காரவும் இல்லை, அது வந்த சேதியை இணையத்தில் மூச்சுவிடவும் இல்லை.

ஐப்பசியில் ஒரு முகூர்த்தம் வந்தது. முதல் நாள் மாலை பெண் அழைப்பு. நாதஸ்வரக்காரர் வந்துவிட்டார், தவில்காரர் கண்ணையன் வரவில்லை. அவர் வந்த கார் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் நின்றுபோய், அவர் தவிலோடு ரோட்டோரம் நிற்பதாகப் போன் வந்தது. விடுமுறைக் கூட்டத்தில் பஸ்கள் எதுவும் நிற்கவில்லை. தவில் இல்லாமல் ஊர்வலம் புறப்படாது என்று பெண்ணின் தகப்பனார் தகராறு செய்தார். ஆரோக்கியராஜின் பைக் மெக்கானிக்கிடம் பிரித்துப் போடப்பட்டிருந்தது. கூப்பிட்ட காரெல்லாம் வேறு கல்யாணத்தில் இருந்தன. விசேஷத்துக்கு வந்திருந்த அமலா தன் வண்டிச் சாவியை நீட்டினாள். "சார்ஜு போதும். வேகமா மட்டும் போவாதீங்க, மெதுவா போய்க்கினு மெதுவா வாங்க" என்றாள்.

ஆரோக்கியராஜ் ஹெல்மெட் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டுக் கிளம்பினார். இது பிள்ளைகள் உருட்டுகிற பொம்மை வண்டி போலத்தானே, எவ்வளவு வேகம் போய்விடும் என்று நினைத்து, இருப்பதிலேயே வேகமான பொத்தானை அழுத்தினார். வண்டி பாய்ந்தது. சத்தமே இல்லை. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது கரும்பு வயல்களில் காற்று அலைவதை அவரால் கேட்க முடிந்தது. இருபது வருடமாக அதே சாலையில் போய் வருகிறவர், அந்தச் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டார். தனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்பது தெரிந்ததும் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

கண்ணையன் தவிலை முன்னால் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் சந்தேகமாகக் கேட்டார். "மேனேஜர் சார், பேட்டரி வண்டி வெடிக்கும்னு எழுதற ஆரோக்கியராஜு நீங்கதான?"

"ஆமாங்க."

"இது பேட்டரி வண்டிதான?"

"ஆமாங்க."

கண்ணையனின் கை ஆரோக்கியராஜின் தோளை இறுக்கிப் பிடித்தது.

வண்டி வெடிக்கவில்லை. நின்றுபோனது. வேகமும் இரண்டு ஆளும் ஒரு தவிலும் சேர்ந்து சார்ஜை உறிஞ்சிவிட்டன. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது ஒரு பெட்ரோல் பங்க் மட்டும்தான். தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணையன் முன்னே நடக்க, ஆரோக்கியராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பெட்ரோல் போடுகிற பையன்கள் குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பங்க் சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. மெலிந்த உடம்பு, நெற்றியில் கண்ணாடி. அவர் வண்டியை ஆசையோடு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். சீட்டுக்கு அடியிலிருந்து சார்ஜரை அவரே எடுத்து, ஆபீஸ் ரூமிலிருந்து ஒயர் இழுத்து மாட்டிவிட்டார்.

மானம் போன வருத்தத்தில் ஆரோக்கியராஜ், "இந்த வண்டிங்களே இப்டித்தாங்க. நம்பிக் கெளம்பனா நடுரோட்ல நிக்கும்" என்றார்.

"ஆதாரம்?" என்றார் சூப்பர்வைசர்.

ஆரோக்கியராஜ் மெதுவாகத் திரும்பினார். சூப்பர்வைசரும் அவரை உற்றுப் பார்த்தார். கண்ணையன் வேறு, தெரியாமல், "மேனேஜரு சார் திண்டிவனத்துல மண்டபம் பாத்துக்கறாருங்க, ஆரோக்கியராஜுன்னு பேரு" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

"சாம்பார் ஆரோக்கியராஜா நீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

விண்வெளி நண்பனின் பெயர் தென்னரசு. விழுப்புரத்தில் வாடகைக்கு இருந்தார். பட்டப்படிப்பு பௌதிகம், வேலை பெட்ரோல் பங்கில். இத்தனை வருடமாகப் போனில் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றவர்களுக்கு நேரில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். டீ வந்தது. 'வாங்க', 'போங்க' என்று மரியாதையாகப் பேசும்போது சண்டை வாயில் வரவே மாட்டேன் என்றது.

கடைசியில் தென்னரசு தன் பழைய பைக்கை எடுத்தார். கண்ணையனையும் தவிலையும் தானே கொண்டுபோய் மண்டபத்தில் விடுவதாகச் சொன்னார். பெட்ரோல் வண்டி என்றதும் கண்ணையன் முகம் மலர்ந்தது.

ஆரோக்கியராஜ் சார்ஜ் ஏறும் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காற்றடிக்க வந்த ஒரு லாரி டிரைவர், இதெல்லாம் வெடிக்குமாமே என்று கேட்டார். ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தார். தன்னுடைய வாதம் ஒன்றுகூட வரவில்லை. மறுப்பதற்காகப் படித்துப் படித்து மனப்பாடமாகியிருந்த விண்வெளி நண்பனின் வாதங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லட்சத்தில் எத்தனை, பெட்ரோல் வண்டியில் எத்தனை என்று அவர் அடுக்கினார். டிரைவர், "நீங்க கம்பெனி ஆளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஊர்வலம் தாமதமாகப் புறப்பட்டாலும் நன்றாக நடந்தது. ஆரோக்கியராஜ் வந்து சேர்ந்தபோது தென்னரசு பந்தியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே ஆரோக்கியராஜ், இவ்வளவு ஆசை இருக்கிறவர் ஏன் ஒரு பேட்டரி வண்டி வாங்கவில்லை என்று கேட்டார்.

தென்னரசு சற்றுத் தயங்கினார். தான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா வீரம்மாள் சம்மதிக்கவில்லை என்றார். பேட்டரி வண்டி வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். காரணம் கேட்டதற்குப் போனைக் காட்டினார்களாம். அதில் இருந்தது, எரிகிற அடுப்பின் மேல் பாய் போட்டுத் தூங்குகிறவனைப் பற்றிய வாக்கியம்.

ஆரோக்கியராஜ் பாயச வாளியோடு அப்படியே நின்றார். தான் எழுதுவது வெறும் எழுத்து, எழுதி முடித்தால் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அது ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதனின் ஆசைக்குக் குறுக்கே கால் நீட்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் அமலாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அதே ஸ்கூட்டரில் விழுப்புரம் போனார், இந்த முறை மெதுவாக. வீரம்மாள் அறுபது தாண்டியவர். கழுத்தில் கயிறு கட்டிப் போனைத் தொங்கவிட்டிருந்தார். பேட்டரி வண்டியால் ஆபத்து இல்லை என்று ஆரோக்கியராஜ் பொறுமையாக விளக்கினார். வீரம்மாளும் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரி தம்பி. ஆனா திண்டிவனத்துல ஆரோக்கியராஜுன்னு ஒருத்தர் எழுதறாரு. விஷயம் தெரிஞ்சவரு. அவரு சொல்லாம நான் ஒத்துக்க மாட்டேன்."

"நான்தாம்மா அந்த ஆரோக்கியராஜு."

வீரம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். வாசலில் நின்ற ஸ்கூட்டரையும் பார்த்தார். "அவரு இந்த வண்டியத் தொட மாட்டாரு தம்பி. மாத்திப் பேசற ஆளு கெடையாது. வேற யாராச்சியும் ஏமாத்து" என்றார்.

ஆதார் அட்டையைக் காட்டினார். ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள் என்றார் வீரம்மாள். தன் எழுத்துக்கு இப்படி ஒரு விசுவாசி இருப்பது ஆரோக்கியராஜுக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது, தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அமலாதான் முடித்துவைத்தாள். "யாரு எழுதினா இன்னாம்மா, ஒரு ரவுண்டு வாங்க" என்று வீரம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மார்க்கெட் வரை போனாள். திரும்பி வரும்போது வீரம்மாள் மடியில் இரண்டு சுரைக்காய் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கமும் ஒரு சுற்று போகலாமா என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தக்கூடாது, காம்பவுண்டு கேட்டு ஓரமாகத்தான் சார்ஜ் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு தென்னரசுக்கு அனுமதி கிடைத்தது.

அன்று மாலையே ஆரோக்கியராஜ், பேட்டரி வண்டியைப் பற்றித் தான் எழுதியது தவறு என்று நாலு வரி பதிவிட்டார். கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கிவிட்டான் என்று பலர் திட்டினார்கள். இது போலி ஆரோக்கியராஜ் என்று ஒரு கருத்து வந்தது. எழுதியது வீரம்மாளாக இருக்கலாம். விண்வெளி நண்பன் முதல்முறையாக அவர் பக்கம் நின்று எல்லோருக்கும் பதில் எழுதினார். தை மாதம் தென்னரசு வண்டி வாங்கினார்.

அதன்பிறகு ஒரே அமைதி. செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஆரோக்கியராஜ் போனை வாய்க்கு நேராகத் தூக்குவார், தென்னரசின் முகம் நினைவுக்கு வரும், கீழே வைத்துவிடுவார். காலிக் கூடத்தில் பகல் பொழுது நகரவே இல்லை. உடம்புக்கு என்ன என்று அமலா இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

பங்குனியில், கல்யாணப் பந்தியில் ரோபோ பரிமாறப் போவதாக ஒரு செய்தி வந்தது. அதைப் பார்த்ததும் ஆரோக்கியராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கையால் இலையை மறைத்துக்கொண்டு ஒருவர் 'போதும், போதும்' என்றால் இன்னும் கொஞ்சம் வை என்று அர்த்தம் என்பது ஒரு இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் எழுதவில்லை. தென்னரசுக்குப் போன் போட்டார்.

"சார், ரோபோ நியூஸ் பாத்தீங்களா?"

"பாத்துக்கினுதான் இருக்கேன் சார்."

"நீங்க எந்தப் பக்கம்?"

"நீங்க எழுதுங்க சார்," என்றார் தென்னரசு. "நான் எதிர்ப் பக்கம் எடுத்துக்கறேன்."

"கொஞ்சம் காட்டமா எழுதுவேன். மனசுல வெச்சிக்கக் கூடாது."

"நானும் இன்னிக்கு லீவுதான் சார். சாயங்காலம் வரிக்கும் இருப்பேன்."

ஆரோக்கியராஜ் நாற்காலியைச் சமையல்கட்டுப் பக்கமிருந்து மேடை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மதிப்பிற்குரிய விஞ்ஞானிகளே என்று சொல்ல ஆரம்பித்தார்.