முனகலுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

பாகூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஹோம் நர்ஸ். படுக்கையில் கிடக்கும் ஓர் அம்மாவைக் கவனித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். பேனாவைக் கொண்டையில் செருகியிருந்தார். என் மடியிலிருந்த ஆங்கில விடைத்தாள்களைப் பார்த்ததும், அந்த அம்மாவின் நிலையைத் தினமும் குறிக்கும் தன் நோட்டை நீட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல்: மோனிங்.

“கரெக்டா டீச்சர்? அவங்களுக்குப் பேச்சு வராது. முனகிக்கினே இருப்பாங்க.”

“சரிதான்,” என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். “பழைய இங்கிலீஷ்ல அதுக்கு முறையிடறதுன்னுதான் அர்த்தம். வெறும் சத்தம்ங்கிறது பின்னாடி வந்தது.”

கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். எழுதவில்லை.

“நான் மாத்திரையக் குடுத்துத் தூங்க வச்சிக்கினு இருந்தேனே டீச்சர். இன்னா கேட்டாங்களோ.”

தவளக்குப்பத்தில் இறங்கியவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. சாலையைக் கடந்து, பாகூர் போகும் பஸ்ஸுக்காக நின்றார். பேனா கையிலேயே இருந்தது.